பாறையோரத்து ஆழம்

அந்தக் கடல்வாயின் வரைபடத்தை வரைந்ததே அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், துறைமுக அலுவலகத்தில் அளவைக்காரியாகச் சேர்ந்த புதிதில் செய்த முதல் வேலை அது. மடக்கிய முழங்கை மாதிரி நிலத்துக்குள் நுழையும் சின்னக் கடல். வடக்கே பாறை முனை, தெற்கே மணல் திட்டு, இரண்டுக்கும் நடுவே படகு வழி. அந்த வழியை நம்பித்தான் அவளுடைய நாத்தனாரின் புருஷன் படகை ஓட்டி வந்தார். நட்டநடு வாயில் படகு தரைதட்டிச் சாய்ந்தது. கூட வந்தவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

விசாரணை என்று உட்கார்ந்த அலுவலகம் இரண்டே நாளில் எழுந்துவிட்டது. வரைபடம் சரி, ஓட்டியவர்மேல்தான் தப்பு என்று எழுதி வைத்து, அவர் உரிமத்தைப் பறித்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் படத்தின் மூலையில் இருந்தது அவள் கையெழுத்து. மூன்று வருஷத்துக்கு முன் கடல்வாய்க்கு வெளியே அலையைத் தடுக்கக் கல்சுவர் கட்டியதிலிருந்து மணல் எங்கே போய்ச் சேர்கிறது என்று யாராவது பார்த்தோமா என்ற கேள்வி அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுபடி அளக்கப் படகு கேட்டாள். மேலதிகாரி கையை விரித்தார்.

லீவு போட்டாள். ஒரு துடுப்புப் படகை இரவல் வாங்கினாள். முதல் நாள் காலையில் தண்ணீரில் தள்ளப் போகும்போது, விபத்துக்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்தும் பேசாத நாத்தனார் வந்து துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

“உங்களுக்காக வரல அண்ணி. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

தினமும் கடல் நன்றாக இறங்கியிருக்கும் இரண்டு மணி நேரம்தான் வேலை. அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஈயக்குண்டு, அடியில் உள்ளதை ஒட்டி எடுத்து வர அதில் கொஞ்சம் மெழுகு. படகு நேர்கோட்டில் போக, கரையில் நட்ட இரண்டு கம்பங்களும் ஒன்றின்பின் ஒன்றாகத் தெரியும்படி பார்த்துக்கொண்டே போக வேண்டும். நாத்தனாரின் உள்ளங்கை கொப்புளித்தது; துணியைச் சுற்றிக்கொண்டு துடுப்பு வலித்தாள். நாலாம் நாள் கயிறு அறுந்து குண்டு போயிற்று. புதுசு கட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

ஆறாம் நாள் நடுவழியில் குண்டு இறங்கியது இரண்டே முடிச்சு, வெறும் ஒரு மீட்டர். படத்தில் அங்கே நாலு மீட்டர். அவள் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் மெழுகில் மணல்.

“என் படம் தப்பு,” என்றாள் அவள்.

நாத்தனார் துடுப்பைச் செங்குத்தாக இறக்கி அடியைத் தொட்டுப் பார்த்தாள். “அப்ப அங்க இருந்த தண்ணி எங்க போச்சு?”

அவளுக்குப் பொறிதட்டியது. உள்ளே ஏறிய கடல் எந்த வழியிலாவது வெளியேறித்தானே ஆக வேண்டும். படகுகள் பயந்து ஒதுங்கும் பாறையோரம் மட்டும்தான் மிச்சம். மறுநாள் அங்கே போனார்கள். குண்டு ஒன்பது முடிச்சு இறங்கியது. மேலே வந்த மெழுகில் ஒரு துளி மணல்கூட இல்லை. நீரோட்டம் அடியை வழித்துத் துடைத்திருந்தது. அந்த ஓரத்தையும் முழுக்க அளந்து முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

புதுப் படத்தையும், தன் தவற்றை ஒப்புக்கொண்ட கடிதத்தையும் மேலதிகாரி மேஜையில் வைத்தாள்.

“உங்க பேரு கெட்டுப்போகும். யோசிச்சுக்கோங்க.”

“யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்.”

உரிமம் திரும்பக் கிடைத்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதுப் படம் காட்டிய பாறையோர வழியில் போக மட்டும் எந்தப் படகோட்டியும் முன்வரவில்லை. புருஷனின் படகைப் பழுதுபார்த்து நாத்தனாரே ஓட்டினாள். அண்ணி படகின் முன்முனையில் நின்று கயிற்றைப் போட்டு, முடிச்சைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊன்றுகோலோடு கரையில் நின்ற மனிதர் படகு உள்ளே வந்து சேரும்வரை உட்காரவில்லை. மறுநாள் இரண்டு படகுகள் அதே வழியில் போயின.

கல்சுவர் இருக்கும்வரை மணல் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். வருஷா வருஷம் அளந்தாக வேண்டும் என்று அவள் மனுப் போட்டாள். துடுப்புப் போட ஆளில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, துடுப்புக்கு ஆள் யார் என்ற இடத்தில் நாத்தனார் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அனுமதி வந்தது.