மூலை வீட்டு இருமல்

மூலை வீட்டு வெல்டர் காலையில் எழுந்து இருமினால், அதே நொடியில் நாலாயிரம் வீடுகளில் நாலாயிரம் ஆண்கள் இருமினார்கள். சுகாதாரக் கணக்கெடுப்புத் துறை இதை முதலில் நம்பவில்லை, பிறகு நம்பியது, அதற்குப் பிறகு கோப்பில் சேர்த்துக்கொண்டது. காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு புகைக்கிறார்கள், எத்தனை நேரம் தூங்குகிறார்கள் என்று ஒரு வீடு விடாமல் போய்க் கேட்க எந்த அரசாங்கத்திடமும் ஆள் கிடையாது. அதனால் குலுக்கலில் ஒரு வீட்டைப் பிடித்து, இது எப்படியோ அப்படித்தான் இதைப்போல இன்னும் நாலாயிரம் வீடுகளும் என்று எழுதிக்கொள்வார்கள். வழக்கமாக அது காகிதத்தோடு போய்விடும். அந்த வருடம் குலுக்கலில் மூலை வீடு விழுந்தது, எழுதியது பலித்துவிட்டது.

கணக்கெடுக்க வந்தவள் ஒரு தையல்காரரின் மகள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். தோளில் எடை பார்க்கும் கருவி, கையில் தடிமனான கேள்வித்தாள். வெல்டர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, தினமும் பழம் சாப்பிடுவதாகவும், சிகரெட் எப்போதாவது ஒன்று என்றும் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற மனைவி பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, மடக்கி, இன்னொரு முறை விரித்தாள். பதில் சொல்கிறவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. தையல்காரரின் மகள் ஒன்று என்றே எழுதினாள். வேலையைப் பற்றி அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: வேலைக்கு நடந்து போகிறீர்களா, வண்டியிலா? வண்டியில் என்றார். கடைசிப் பக்கத்தில், சென்ற மாதம் எத்தனை முறை அழுதீர்கள் என்று மனைவியிடம் கேட்கவேண்டியிருந்தது.

"அழறதுக்கெல்லாம் நேரம் எங்கம்மா இருக்கு?" என்று அவள் சிரித்தாள். அதற்குக் கணக்கெடுக்க வந்தவள் பூஜ்யம் போட்டாள். கேள்விகள் முடிந்த நிம்மதியில் வெல்டர் ஒரு சிகரெட்டை எடுத்து, இடது கட்டைவிரல் நகத்தில் மூன்று தட்டுத் தட்டிப் பற்றவைத்தார்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும், புகை நாற்றம் பட்டாலே தைக்க வந்த துணியைத் திருப்பி அனுப்பிவிடும் தையல்காரர், சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து, இடது கட்டைவிரல் நகத்தில் மூன்று தட்டுத் தட்டினார். மகள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். "என்னப்பா இது?" என்றதற்கு, "தெரியலம்மா, கை தானா போகுது," என்று சொல்லிவிட்டு அவர் இருமினார். அந்த இருமலையும் அவள் அன்று காலையில்தான் கேட்டிருந்தாள்.

கேள்வித்தாளில் இருந்த காரியங்கள் எல்லாம் இப்படியே பரவின: உண்பது, உறங்குவது, புகைப்பது, இருமுவது, வேலைக்குக் கிளம்புவது. பொய்ப் பதில் எதுவும் பரவவில்லை. வீடுகள் காகிதத்தை விட்டுவிட்டு ஆளையே பார்த்துச் செய்தன. வெல்டரின் மனைவி குழம்பில் உப்பைக் குறைத்த நாளில் நாலாயிரம் கணவர்கள் தட்டைத் தள்ளிவைத்தார்கள். பேச்சு மட்டும் பரவவில்லை. பரவியிருந்தால் பிற்பாடு நாலாயிரம் பெண்கள் சேர்ந்து துறை அலுவலகத்தின் முன்னால் நின்று கத்தியிருப்பார்கள், இந்தக் கதையும் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

விஷயம் தெரிந்ததும் துறை இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டைத் திருத்துவதுதான் கஷ்டம், ஒரு வீட்டைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்றார். மறுநாளே மூலை வீட்டில் ஆட்கள் இறங்கினார்கள். சிகரெட் போயிற்று, உப்பு போயிற்று, காய்கறி வண்டி வாசலுக்கே வந்தது. மாலையில் வெல்டர் தெருவைச் சுற்றி நடந்தார். நாலாயிரம் தெருக்களில் நாலாயிரம் ஆண்கள், எங்கே போகிறோம் என்று தெரியாமல், தெருநாய்கள் குழம்பிப்போய்ப் பார்த்திருக்க, சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அடுத்த வருட அட்டவணைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. இயக்குநருக்குப் பெரிய நாற்காலி கிடைத்தது. தையல்காரர் சிகரெட்டை விட்டுவிட்டார். மகள் மூலை வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய், வெல்டரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடத் தொடங்கினாள். தன் அப்பாவின் உயிர் அந்த வீட்டுச் சமையலறையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் அவர்களிடம் மறைக்கவும் இல்லை.

இருமல் மட்டும் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து அது இன்னும் ஆழமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது. வெல்டரின் மனைவிக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொள்ளப் படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, ஒரு முறை பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனால் போதும். பட்டறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. இருந்த ஒரே ஜன்னலை மறைத்து இரும்புத் தகடுகளை அடுக்கியிருந்தார்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் நெருப்பு பட்டதும் வெள்ளையாக ஒரு புகை எழும்பி, போக வழியில்லாமல், அங்கேயே நின்றது. அவள் இயக்குநரிடம் போய், வீட்டுக்காரருக்கு வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று கேட்டாள். இயக்குநர் கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டறையைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை.

ஆனாலும் ஒரு நாள் காய்ச்சல் என்று வெல்டர் வீட்டில் படுத்தார். அன்று நாலாயிரம் ஆண்கள் வேலைக்குப் போகவில்லை. பேருந்துகள் நின்றன, ரொட்டி அடுப்புகள் அணைந்தன, முதலாளிகளின் தொலைபேசிகள் அலறின. மறுநாள் காலை துறையின் ஜீப்பே வந்து வெல்டரை ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டது. பட்டறையில் ஒரு காற்றாடியாவது மாட்டுங்கள் என்று மனைவி கேட்டபோது, அளப்பதுதான் எங்கள் வேலை, காற்றாடி வேறு துறை என்றார்கள். பட்டறைக்காரரோ, வேண்டுமானால் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிக்கொள் என்றார். வீட்டில் இருந்ததே ஒரு காற்றாடி. அதைக் கழற்றிக்கொண்டுபோய் மாட்டினாள். அது வெள்ளைப் புகையை அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் வருடம் வெல்டரால் படி ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படுக்கை கொடுக்கவும் அவர்களால் முடியவில்லை: இவர் படுத்தால் நாலாயிரம் பேரும் வந்து படுப்பார்கள், ஆஸ்பத்திரிகளில் அவ்வளவு இடம் ஏது? வீட்டிலேயே படுத்திருக்கும்படி துறை பணிவாகக் கேட்டுக்கொண்டது. வெல்டர் அதற்கும் சம்மதித்தார். வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர். கடைசி வாரத்தில் மனைவியிடம், "என்னால எத்தனை பேருக்குக் கஷ்டம் பாரு," என்றார். "நீங்க சும்மா இருங்க. உங்களால ஒண்ணும் இல்ல," என்று அவள் தலையணையைச் சரிசெய்தாள். மறுநாள் காலை, பால் காய்ந்துகொண்டிருந்தபோது, நாலாயிரம் வீடுகளில் இருமல் நின்றது.

அவள் அழவில்லை. தான் அழுதால் நாலாயிரம் பெண்கள் அழுவார்கள், அந்தப் பெண்களுக்கு இதையும் தான் கொடுக்கவேண்டுமா என்று நினைத்தாள். உப்பைப் பிடுங்கினோம், தூக்கத்தைப் பிடுங்கினோம், புருஷனையும் வாரிக்கொடுக்க வைத்தோம். கண்ணீராவது அவரவருடையதாக இருக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காரியங்களைச் செய்தாள். வந்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் தையல்காரரின் மகள் வந்தாள். எடைக் கருவி இல்லை, கேள்வித்தாள் இல்லை. வாசலிலேயே நின்றாள். அவள் அப்பாவும் அதே காலையில்தான் போயிருந்தார், கத்தரியைக் கையில் பிடித்தபடி.

"அக்கா, எங்கம்மா ரெண்டு நாளா செவுத்தப் பாத்து உக்காந்திருக்காங்க. அழணும்னு பாக்கறாங்க, வரமாட்டேங்குது. நெஞ்சு அடைக்குதுன்னு கையால குத்திக்கறாங்க. எல்லா வீட்லயும் இப்படித்தான் இருக்கும். நீங்க அழுங்கக்கா."

வெல்டரின் மனைவி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு, கழற்றிக்கொண்டுபோன காற்றாடியின் கொக்கி மட்டும் தொங்கிய கூரையை அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் அது வந்தது, ஐந்து வருடத்து அழுகை மொத்தமும். அந்தப் பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த தெருவிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சத்தம் எழுந்து ஊரை மூடியது. துறை அலுவலகத்தில் பேசுவது கேட்காததால் ஜன்னல்களைச் சாத்தினார்கள். சென்ற மாதம் எத்தனை முறை அழுதீர்கள் என்ற கேள்வி அட்டவணையைக் கெடுக்கிறது என்று அடுத்த கணக்கெடுப்பில் எடுத்துவிட்டார்கள். பட்டறையில் வேறொரு வெல்டர் சேர்ந்தார். ஜன்னலை மறைத்த தகடுகள் அங்கேயே இருந்தன.

ஊரே அழுத அன்று மாலை அந்தப் பெண் தன் வீட்டுக்குத் திரும்பியபோது, அவள் அம்மா முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, ஐந்து வருடத்தில் முதல் முறையாகக் குழம்பில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.