கிலுகிலுப்பை காய்கிற வரை

நார்மன் தன் வாழ்நாளில் பாதியை அந்தச் செடியைப் பிடுங்கியே கழித்தவன். அதையே அவன் மனைவி ஹில்டா போன இலையுதிர் காலத்தில் ஆற்றோர வயலில் வேலை மெனக்கெட்டு விதைத்தாள். மஞ்சள் கிலுகிலுப்பை என்று பெயர். சொந்தமாக இலை இருந்தும் பக்கத்துப் புல்லின் வேரில் வாய் வைத்து உறிஞ்சும். புல் மெலிந்தால்தான் மற்றப் பூக்களுக்கு இடம் கிடைக்கும் என்பது அவள் கணக்கு.

"வீட்டோட மாப்பிள்ளையாட்டம் உக்காந்து திங்கிற செடிய வலிய கூட்டியாறியே, புத்தி கித்தி இருக்கா உனக்கு?" என்றான் நார்மன்.

"நீயும் எங்கப்பன் பண்ணைக்கு வந்து உக்காந்தவன்தான். உன்னைப் புடுங்கிப் போட்டேனா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வருஷம் பூத்துவிட்டு அடுத்த வருஷமும் அது தானாக முளைத்தால் வயல் அவளுக்கு என்று பந்தயம் கட்டினான். முளைக்காவிட்டால் பழையபடி உரம் போட்டுப் புல்தான். ஹில்டா சம்மதித்தாள். மண் தெரியும்படி வயலைக் கீறி விதை தூவினாள். அவனுடைய ஆடுகளையே ஓட்டிவிட்டு விதையை மிதிக்க வைத்தாள்.

ஜூன் மாதத்தில் வயல் மஞ்சளாய்ப் பூத்தது. ஹில்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அந்தச் செடிக்கு ஆயுசு ஒரே வருஷம். காய் முற்றி விதை உதிர்வதற்குள் அறுத்துவிட்டால் மறு வருஷம் ஒன்றும் இருக்காது.

அந்த நேரம் பார்த்து, புல்லை அறுத்து உலர்த்தத் தோதாக வெயில் அடித்தது. அவர்கள் இருந்த ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் பக்கத்து வயலில் புல்லறுக்கும் சத்தம் கேட்டுவிட்டால் எந்த ஆம்பிளைக்கும் தேநீர் தொண்டையில் இறங்காது. நார்மனோ எந்த வருஷமும் ஊரில் இரண்டாவது ஆளாக அறுத்ததே இல்லை. கல்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வயல்காரன் கிளெம் பாதி வயலை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, டிராக்டர் படுத்துருச்சா? இல்ல, பொண்டாட்டி உத்தரவு வரலையா?"

நார்மனின் காது சிவந்தது. மறு நிமிஷம் டிராக்டர் உறுமியது. சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஹில்டா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். மாவுக் கையோடு ஓடினாள். குறுக்கு வழியில் போய் வயல் கேட்டைப் பூட்டிவிடலாம். பூட்டினால் வயல் தப்பும், ஊர் முன்னால் கிழவன் மானம் போகும். அவள் கேட்டு வரை போனாள், ஆனால் பூட்டவில்லை.

நார்மன் கேட்டருகே இறங்கினான். ஒரு தண்டை ஒடித்துக் காதோரம் ஆட்டினான். காய் கிலுகிலுத்தால்தான் அறுப்பு என்பது அங்கே வழிவழியாக வந்த வழக்கம். களை என்று திட்டியவர்களும் அதைக் கேட்டுத்தான் அரிவாள் தீட்டினார்கள். சத்தமே இல்லை. இன்னொன்றை ஒடித்தான். அதுவும் பச்சை.

"என்னடா பண்ற அங்க?" என்று கத்தினான் கிளெம்.

"காயலைடா இன்னும்! ஒரு வாரத்துக்கு மேலயே ஆவும்!"

"எது, அந்தக் களையா?"

நார்மன் பூக்களைப் பார்த்தான், பிறகு ஹில்டாவின் மாவுக் கையைப் பார்த்தான்.

"களையில்ல, எங்க வீட்டுப் பயிரு. இந்த வருஷம் நீதான் மொதல்ல. போயி பப்புல பீரு குடிக்கறப்ப சொல்லிக்க, போ."

அந்த வாய் அப்படிச் சொல்லும் என்று ஹில்டா கனவிலும் நினைத்ததில்லை. அவள் முகமெல்லாம் சிரிப்பானது.

"பல்லைக் காட்டாத. மழை வந்து அம்புட்டும் அழுகிச்சுன்னா, குளிர்காலம் பூரா நீதான் அந்தப் புல்லத் திங்கணும்," என்றான் அவளிடம்.

"திங்கிறேன்," என்றாள் ஹில்டா.