இங்கிலாந்துக்குப் போகலாம்

திருச்செங்கோட்டில் ஒருத்தரிடம் சொன்னால் போதும், ஊருக்கே சொன்ன மாதிரி. காளியண்ணன் அந்த ஒருத்தரையும் நம்பவில்லை. மகள் ரஞ்சனிக்கு இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும் சேதியை டீக்கடை, டீசல் பங்க், முடி வெட்டும் கடை, போர்வெல் ரிக் ஓனர்கள் கூட்டம் என்று இடம் இடமாகப் போய் அவரே சொல்லிவிட்டு வந்தார். "சப்ளை செயின் மேனேஜ்மென்ட்" என்பதை மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு முழுசாகச் சொல்வார். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால், "சாமான் எங்கிருந்து எங்க, எப்புடிப் போகோணுமுன்னு படிக்கறதுங்க" என்பார். நம்ம ஊர் லாரி ஆபீசில் உட்கார்ந்தால் அது தானாக வந்துவிடாதா என்று கேட்டவருக்குத் தோன்றும். பெரிய மனுஷனிடம் அதைச் சொல்ல முடியுமா? "நல்லதுங்க" என்று சொல்லி வைப்பார்.

நல்லதா என்று ரஞ்சனிக்குத்தான் தெரியவில்லை. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல இன்று மாலை வரைக்கும்தான் நேரம். விட்டால் இடம் போய்விடும். அவர்களுடைய இணையப் பக்கத்தை ஒரு வாரமாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள், தூசி வருகிறது என்று சாத்துவாள், புழுங்குகிறது என்று மறுபடி திறப்பாள். "ஒரு எடத்துல உக்காரேன் புள்ள, பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்று அம்மா சௌந்திரம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

வீட்டு முன்னறைதான் ஆபீஸ். காளியண்ணனுக்கு இரண்டு ரிக் வண்டிகள். இரண்டும் சத்தீஸ்கரில், ஜக்தல்பூருக்கு அப்பால், ஊர் ஊராகப் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தன. ஆட்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். போனால் மாசக்கணக்கில் அங்கேதான். ரஞ்சனி இன்ஜினியரிங் முடித்த கையோடு இந்த அறையில் வந்து உட்கார்ந்தவள். அங்கே எது உடைந்தாலும் இங்கிருந்து அனுப்புவது அவள் வேலை. பார்சல் கம்பெனிகள் அந்தக் காட்டு ஊர்களை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் வடக்கே போகிற நம்ம ஊர் லாரி எதுவென்று விசாரித்து, டிரைவரிடம் கொடுத்து, வழியில் நம்ம ஆள் நடத்தும் ஓட்டலில் இறக்கி, அங்கிருந்து இன்னொரு லாரியில் ஏற்றி, இப்படிக் கைமாற்றிக் கைமாற்றித்தான் சாமான் போகும். ரசீதும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. இதுவரை ஒரு நட்டு தொலைந்ததில்லை என்று காளியண்ணன் பெருமை பேசுவார்.

விஜயவாடாவில் எந்த ஓட்டலில் சோறு நன்றாக இருக்கும், எந்த இடத்தில் போலீஸ் மறிப்பான், எந்தப் பாலம் மழையில் முழுகும், எல்லாம் ரஞ்சனிக்கு அத்துப்படி. ஆனால் அவள் வடக்கே போன அதிகபட்ச தூரம், இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் மேச்சேரி. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

முந்தின நாள் சாயங்காலம் பிரபாகரைக் கூப்பிட்டிருந்தாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். இதே படிப்பை அங்கே முடித்துவிட்டு அங்கேயே இருந்தான்.

"படிப்பைக் குத்தம் சொல்ல மாட்டேன் ரஞ்சனி, நல்லாத்தான் சொல்லித் தாராங்க. வேலைதான் பெரும்பாடு. வெளிநாட்டுக்காரங்களுக்கு விசா எடுத்துக் குடுக்கற கம்பெனியைத் தேடித் தேடி எனக்குச் செருப்புத் தேஞ்சு போச்சு. இப்ப ஒரு கிடங்குல பெட்டி அடுக்கறேன். ஊட்டுல கேட்டா ஆபீஸ் வேலைன்னு சொல்லி வெச்சிருக்கறேன், நீ போட்டு ஒடைச்சறாத."

"அப்ப வேண்டாங்கறயா?"

"நான் அப்புடிச் சொல்லுல. ஞாயித்துக்கெழமையானா ஒரு பஸ்ஸைப் புடிச்சு, பேரு தெரியாத ஊருல போயி எறங்கி நடப்பேன். எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதுக்கு என்ன வெலை போடுவே? நீ எதுக்கு வாரேன்னு தெரிஞ்சுட்டு வா, அவ்வளவுதான்."

எதுக்கு? அதுதானே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து விஜயவாடா ஓட்டல்காரர் குறுக்கே கூப்பிட்டார். ரிக்கில் துளை போடுகிற ஹேமர் உடைந்து ஒரு ரிக் நின்றுபோயிருந்தது. புது ஹேமரை இவள் அனுப்பி, அது அவருடைய ஓட்டலில் வந்து இறங்கியிருந்தது. அதை யாரிடம் கொடுக்கட்டும் என்று கேட்டார்.

"அங்காளம்மன் வண்டி வருமுங்க, குடுத்துருங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் பிரபாகரிடம் திரும்பினாள். நம்ம பக்கத்து லாரிகளை நம்பர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. முன்நெற்றியில் என்ன சாமி பேர் எழுதியிருக்கிறதோ அதுதான் வண்டியின் பேர். இரண்டு வண்டிக்கு ஒரே சாமி இருக்கும் என்பதால், பேரோடு ஓனர் பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். அவளும் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். நேற்றுப் புத்தி இங்கிலாந்தில் இருந்தது.

இன்று காலை, அவள் மனதில் வைத்திருந்த அங்காளம்மன் வண்டியின் டிரைவர் அதே ஓட்டலிலிருந்து கூப்பிட்டார். "அம்மிணி, நம்ம சாமானை நேத்தே வேற அங்காளம்மன் வண்டிக்காரரு வாங்கிட்டுப் போயிட்டாராமுங்க. கல்கத்தா போற வண்டியாட்ட இருக்குது."

ரஞ்சனிக்கு எல்லாம் கண்முன் ஓடியது. நடுக்காட்டில் ரிக் நிற்கிறது. அத்தனை ஆட்களும் மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். துளை பாதியில் கிடக்கிறது, ஊர்க்காரர்கள் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஹேமரோ கடலோரமாகக் கல்கத்தாவுக்கு ஊர்வலம் போகிறது. அப்பாவிடம் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உடு கண்ணு. போற புள்ளைக்கு மனசு இங்கயா இருக்கும்" என்று சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தச் சிரிப்பில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. லாரிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் குரல் பதிவு போட்டாள். கல்கத்தா போகிற அங்காளம்மன் வண்டி எதுவாக இருந்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்றாள். சங்ககிரியில் இரண்டு பேர், குமாரபாளையத்தில் ஒருவர் என்று தெரிந்தவர்களை எல்லாம் பிடித்து உலுக்கினாள். சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த டிரைவரே கூப்பிட்டுவிட்டார்.

"அங்காளம்மன் வண்டின்னு சொல்லிக் குடுத்தாங்க, வாங்கிப் போட்டுட்டு வந்துட்டனுங்க. ஆருக்கு, எங்க எறக்கறதுன்னு ஒருத்தரும் சொல்லுலீங்க. இப்ப விசாகப்பட்டினம் தாண்டிட்டேன். திரும்ப முடியாதுங்க அம்மிணி."

"திரும்ப வேண்டாமுங்கண்ணா. அப்புடியே நில்லுங்க, நான் கூப்பிடறேன்."

கைபேசியில் வரைபடத்தை விரித்தாள். விஜயநகரத்திலிருந்து ஒரு ரோடு மலையேறி கோராபுட் போய், அங்கிருந்து ஜக்தல்பூருக்கே போகிறது. இத்தனை நாளும் சாமான் காட்டுக்குள் சுற்றிக்கொண்டு போனது; இது அதைவிடக் கிட்டத்து வழி போலிருந்தது! அவளுக்கு ஜிவ்வென்றது. நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு மக்காச்சோளம் ஏற்ற அந்த மலைப்பக்கம் லாரிகள் போவது ஞாபகம் வந்தது. மில்லில் கேட்டாள். ஒரு வண்டி இன்றைக்கு விஜயநகரம் வழியாகத்தான் போகிறது என்றார்கள். கல்கத்தா டிரைவரை விஜயநகரத்தில் நிற்கச் சொல்லி, இந்தத் தடவை மில் வண்டியின் நம்பர், டிரைவர் பேர், ஓனர் பேர் மூன்றையும் சொன்னாள். மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ரிக் மேனேஜர் தங்கமுத்துவைக் கோராபுட்டுக்கு ஜீப் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மத்தியானம் சாய்வதற்குள் ஹேமர் மக்காச்சோள லாரியில் ஏறிவிட்டது.

தங்கமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மிணி, இந்த ரோட்டுல சாமான் அனுப்பலாமுன்னு இத்தனை நாளா ஒருத்தருக்கும் தோணுலியே! இனிமே இப்புடியே அனுப்புங்க. மலை மேல ரோடு எப்புடி இருக்குமுங்கறீங்க, அப்புடியே கீழ மேகம் கெடக்கும்."

மேகம் கீழே கிடக்கும் ரோடு. ரஞ்சனி வரைபடத்தில் அந்த ரோட்டை மறுபடி விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு வாரமாக இல்லாத நிம்மதி அப்போது இருந்தது. அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அது என்னவென்றும் தெரிந்துவிட்டது. அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் சாமானை இறக்கி வைப்பது, யாரை நம்புவது, மழைக்காலத்தில் வழி திறந்திருக்குமா, இதையெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு இங்கிலாந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இடம் போனால் போகட்டும் என்றே நினைத்துவிட்டாள்.

காளியண்ணன் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கச்சேரி கேட்பவர் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"இந்த வழியையே நிரந்தரமா வெச்சுக்கலாமுங்கப்பா. ஆனா நான் ஒருதடவை நேர்ல போயிப் பாக்கோணும். கோராபுட், அப்புறம் நம்ம ரிக்கு நிக்கற எடம். ஒரு பத்து நாளு. விசாகப்பட்டினம் வரைக்கும் ரயில்ல போயிக்கறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். "என்ன கண்ணு, வெளையாடறயா?"

"இல்லீங்கப்பா."

"அதெல்லாம் பொட்டப்புள்ள போற எடமா? ரிக்குக்காரனும் லாரிக்காரனும் லுங்கியைக் கட்டிட்டுப் படுத்துக் கெடக்கற எடம். காளியண்ணன் மகளை ரிக்குக்கு அனுப்பிப்போட்டான்னு நாலு பேரு பேசறதுக்கா?"

"இங்கிலாந்துக்குத் தனியாப் போனாப் பேச மாட்டாங்களா?"

"அது படிப்பு சாமி. அதுக்குப் போ, எவன் கேக்கறான்? நான் இருக்கறேன்."

சௌந்திரம் காபித் தட்டோடு உள்ளே வந்தவள் வாசல்படியிலேயே நின்றாள். அவளுக்கு மகள் படிக்கப் போவதே பிடிக்கவில்லை. ராசிபுரத்தில் ஒரு நல்ல வரன் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் இப்போது அவள் கண் மகளின் மேலேயே இருந்தது.

ரஞ்சனி விடவில்லை. "சரி, இந்தப் படிப்பைப் படிச்சுட்டு வாரேன். வந்ததுக்கப்புறம் போகலாமுங்களா?"

காளியண்ணன் கேள்வியை நிஜமாகவே யோசித்தார். மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர். அவள் கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அத்தனை பெரிய படிப்புப் படிச்சுட்டு வந்து நீ எதுக்குச் சாமி வெயில்ல அலையோணும்? இந்த ரூமை இடிச்சுப் பெருசாக் கட்டித் தாரேன். கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி மாட்டி, உம்பேரையும் படிப்பையும் எழுதி வாசல்ல போர்டு வெக்கறேன். சொகமா உக்காந்த எடத்துல இருந்து பண்ணு. இன்னிக்குப் பண்ணுலயா?"

அவர் சொன்னதில் துளியும் கள்ளமில்லை. அதுதான் ரஞ்சனியால் தாங்க முடியவில்லை. கடலைத் தாண்டிப் போய்விட்டு இதே அறைக்குத் திரும்பி வர வேண்டும். சுவர் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். அந்த ரோட்டில் எல்லாச் சாமானும் போகும், அவள் போகக் கூடாது. எங்கே போகிறாய் என்று ஒருத்தரும் கேட்காத ஊரைப் பிரபாகர் சொன்னது ஞாபகம் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு நல்ல அப்பாவிடம் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் கைபேசியை எடுத்தாள். பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானில் விரலை வைத்து அழுத்தினாள். ஒரு வாரமாகப் பயந்த காரியம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

"போறேன்னு சொல்லிட்டனுங்கப்பா."

"அப்புடிப் போடு!" என்று தொடையில் தட்டினார் காளியண்ணன்.

"ஆனா திரும்பி வரமாட்டேனுங்க."

அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். சௌந்திரம் தட்டை மேஜையில் வைத்துவிட்டு ரஞ்சனியின் பக்கத்தில் வந்து நின்று அவள் தோளில் கை வைத்தாள். ராசிபுரத்து வரனைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

"ஏன் சாமி அப்புடிச் சொல்றே?" காளியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "உனக்கு நான் எதையாச்சும் இல்லீன்னு சொல்லியிருக்கறனா?"

ரஞ்சனி அவர் முகத்தைப் பார்த்தாள். சற்று முன்புதான் இல்லையென்று சொன்னார் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.