பஞ்சர் கடையோடு நின்றுவிட்ட கடல்

கோவில்பட்டிக்கு வடக்கே, கரிசல் காட்டின் நடுவில் கட்டப்பட்டிருக்கும் வெண்சங்கு கடற்கரை விடுதிக்குச் சித்திரை பிறந்ததும் கடல் வந்துவிடும். கோடை முழுவதும் விடுதியின் முன்னால் விரிந்து கிடந்து, ஆனிக் காற்று எழும்பியதும் தூத்துக்குடிக்குத் திரும்பிப் போகும். இந்த ஆண்டும் வழக்கமான நாளில் புறப்பட்டுத்தான் வந்தது. ஆனால் நான்குவழிச் சாலையிலிருந்து விடுதிக்குத் திரும்பும் முக்கில் இருக்கிற பஞ்சர் கடையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓரடியும் எடுத்து வைப்பதாக இல்லை.

இது தெரியாமல் ஆவுடையம்மாள் தன் கணவர் சங்கரபாண்டியனோடு அன்று காலை விடுதியில் வந்து இறங்கினாள். வழியில் பஞ்சர் கடையருகே நீலமாக ஏதோ கிடந்ததை அவள் பார்த்தாள்தான். லாரித் தார்ப்பாய் என்று எண்ணிக்கொண்டாள்.

விடுதி மிக நாகரிகமானது. வாசலில் கழுத்துக்குச் சிப்பிமாலையும், கைக்குச் சின்னஞ்சிறு குடை செருகிய இளநீரும் கொடுத்தார்கள். அறையில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. மாடத்தில் பிரம்பு ஊஞ்சல். ஆவுடையம்மாள் வெள்ளைத் திரையை விலக்கினாள். சீப்பால் வாரியதுபோல் மணல் பரப்பியிருந்தது. வண்ணக் குடைகளின் கீழே விருந்தினர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து, சாய்வு நாற்காலிகளில் படுத்துப் பருத்திக் காட்டை ரசித்துக்கொண்டிருந்தார்கள். உயரமான நாற்காலியில், வாயில் ஊதலோடு உட்கார்ந்திருந்த உயிர்காப்பாளர் பருத்திச் செடிகளின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"கடல் எங்க தம்பி?" என்று அவள் கேட்டாள்.

கிளிப்படம் போட்ட சட்டையணிந்த மேலாளர் செல்வின் கையைப் பிசைந்தார். "முக்குல நிக்குதும்மா. கோவமா இருக்கு."

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார் சங்கரபாண்டியன்.

"வருசா வருசம் தாம்பூலத் தட்டோட நேர்ல போய் அழைப்போம் சார். இந்தத் தடவை சீசன் வேல கூடிப்போச்சு. செல்போன்ல ஒரு படம் அனுப்பி விட்டேன். ரெண்டு கை கும்பிடுற மாதிரி, மேல ஒரு ரோஜாப்பூ."

"பாத்துச்சா?"

"பாத்துருச்சு சார். நீலக்கோடு விழுந்துச்சு."

சங்கரபாண்டியன் இளநீரைக் கீழே வைத்தார். "அப்ப கடல் பக்கந்தான் நியாயம்."

இதைக் கேட்டதும் ஆவுடையம்மாள் சட்டென்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளும் கலையில் அவள் கணவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் திருச்செந்தூர்க் கடல் பார்க்கப் போகையில், வேனில் பின்சீட்டுக் கொடுத்தார்கள் என்று ஸ்ரீவைகுண்டத்திலேயே இறங்கிக்கொண்டார். தூத்துக்குடிக் கல்யாணத்தில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இலை போட்டார்கள் என்று, துறைமுகத்துக்கு முதுகைக் காட்டியபடி ஊர் திரும்பினார். கன்னியாகுமரிச் சுற்றுலாவில் வழிகாட்டி இவர் பேரைச் சொல்லாமல் சீட்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அதோடு அந்தப் பயணமும் சரி. தலை நரைத்த பிறகும், முழங்கால் அளவு கடலில் ஒரே ஒரு முறை நிற்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அப்படியே இருந்தது. இந்தத் தடவை கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுவருவதுபோல் மனிதரை இங்கு வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நாளை மதியம் அறையைக் காலி செய்ய வேண்டும்.

பஞ்சர் கடைக்கே போய்க் காலை நனைத்துவிட்டு வரலாமே என்றால், அது முறையன்று. கோபத்திலிருக்கும் கடலில் கால் வைப்பது மரியாதைக் குறைவு.

"நானும் போய்ப் பாத்தேம்மா. சமையல்காரரும் பழச்சாறோட போனாரு. மொகம் குடுக்கல" என்றார் செல்வின்.

"முத தடவை கூப்பிட்டதும் எந்திரிச்சா அது என்ன கோவம்?" என்றார் சங்கரபாண்டியன் ஊஞ்சலில் அமர்ந்தபடி. தன் இனத்தான் ஒருவனைக் கண்டுகொண்ட பெருமிதம் அவர் குரலில் இருந்தது.

ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "தட்டு இருக்கா தம்பி?"

வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு, சந்தனக் கிண்ணம் எல்லாம் தட்டில் ஏறின. செல்வின் மின்கல வண்டியை எடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி புறப்பட்டுவிட்டது.

முக்கில் கடல் தன்னை நான்காக மடித்துக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி இருந்தது. பஞ்சர் கடைக்காரர், பக்கத்தில் அவ்வளவு தண்ணீர் இருந்தும், ட்யூபைத் தன் பழைய சட்டித் தண்ணீரிலேயே முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கென்று அவர் வாங்கி வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது.

ஆவுடையம்மாள் அழைக்கவில்லை. அழைப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எதிரே ஒரு லாரி டயரின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒடம்புக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி? பாதியாப் போயிட்டீங்களே."

கடல் ஒரு கிளிஞ்சலை உருட்டியது. "ரோட்டு வெயிலு" என்றது கடைசியில்.

"சாப்பிட்டீங்களா?"

"எனக்கு என்ன சாப்பாடு. எனக்கு அனுப்பின அதே படத்தத்தான் நீச்சல் குளம் கழுவுறவனுக்கும் அனுப்பிருக்கான். அவன் எங்கிட்டயே காட்டுறான் தங்கச்சி."

"நெசமாவா தம்பி?" என்று அவள் செல்வினைத் திரும்பிப் பார்த்தாள். செல்வின் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கடலின் முன்னிலையில் அவரைக் கொஞ்ச நேரம் ஏசினாள். கடல் ஒரு மடிப்பைப் பிரித்து நன்றாகக் காது கொடுத்தது.

பிறகு அவள் தட்டை நீட்டினாள். கடல் வேண்டாம் என்றது. மறுபடியும் நீட்டினாள். உடம்பு சரியில்லை, இன்னொரு வருசம் பார்க்கலாம் என்றது. அவள் தட்டை வலக்கையில் ஏந்திக்கொண்டு, இடக்கையால் அருகிலிருந்த அலையொன்றின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இது நம்ம வீடு அண்ணாச்சி. நீங்க இல்லாம நாங்க பருத்தியப் பாத்துக்கிட்டா கெடக்கிறது?"

கடல் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டது.

சாலையின் இடது ஓரமாகவே நடந்து வந்தது. பின்னால் வந்த லாரிகள் ஒலி எழுப்பாமல் காத்திருந்தன. விடுதி வாசலில் ஆரத்தி எடுத்து, கால் கழுவக் கடலுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்கள். கழுவிக்கொண்டது. குடை செருகிய இளநீரையும் குடித்தது. குடையை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டது. பிறகு தன் இடத்துக்குப் போய் விரிந்தது. சாய்வு நாற்காலிகளில் கிடந்தவர்கள் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்கள். உயிர்காப்பாளர் முதன்முறையாக ஊதினார்.

ஆவுடையம்மாள் கணவரைக் கூப்பிட அறைக்கு ஓடினாள். ஊஞ்சல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பருத்திக் காட்டின் அந்தக் கடைசியில், ஒற்றை வேப்பமரத்தடியில், விடுதிக்கு முதுகைக் காட்டி சங்கரபாண்டியன் நின்றார்.

"வண்டி ஏறும்போது 'நீங்களும் வாங்க'ன்னு சாரை யாரும் ஒரு வார்த்த சொல்லலையாம், அதாம்மா" என்றார் பின்னாலேயே வந்த செல்வின்.

அவள் வேப்பமரத்தைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி மணலில் விட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து, கடலுக்குள் நடந்தாள். கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. அங்கேயே நின்றாள். காலுக்கடியில் மணல் நழுவக் கிச்சுகிச்சு மூட்டியது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"மாப்பிள்ளை எங்க தங்கச்சி?" என்று கடல் கேட்டது.

"அந்தா."

கடல் எம்பிப் பார்த்தது. அந்த நிற்கிற தோரணை அதற்குப் புரிந்தது. "நேர்ல போய் யாரும் அழைக்கலையா?"

"இனிமேத்தான் அண்ணாச்சி. போகணும்."

"நீ வரவேண்டாம். இதுக்கு மச்சினன் போறதுதான் முறை. ஒனக்கு முழங்கால் அளவுக்கு விட்டுட்டுப் போறேன், நின்னுக்கோ. தட்டக் குடுக்கச் சொல்லு."

செல்வின் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடல் அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குத் தன்னை விட்டுவைத்துவிட்டு, மீதியைத் திரட்டிக்கொண்டு, ஒரு செடியும் சாயாமல் பருத்திக் காட்டைக் கடந்து போனது. வேப்பமரத்தடியில் போய் நின்றது. மாப்பிள்ளை திரும்பவில்லை. கடல் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, அவர் உடம்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியது.

எப்படியும் சாயங்காலம் ஆகும் என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியும். உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, தன் பங்குக் கடலை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு குடையின் நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.