பொட்டு வைத்த பிளக்

ரேடியோவின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் திருப்பிப் பார்த்த ஜெயபாலன் சிரித்துவிட்டான். பிளக்கின் ஒரு பக்கத்தில் குங்குமப் பொட்டு. சுவர்ப்பெட்டியிலும் அதே பக்கத்தில் இன்னொரு பொட்டு.

"என்னக்கா இது, பிளக்குக்கும் பூசையா?"

"அவரு வெச்சது. ரெண்டு பொட்டும் ஒரே பக்கம் இருக்கணும். மாத்திக் குத்தினா ரேடியோ பாடாது," என்றாள் பூங்காவனம்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு முன்னால் காஜா பெராங் தெரு வீடுகளுக்குப் புதுக் கரண்டு வரப்போகிறது. பழையது ஒரே திசையில் ஓடுகிற கரண்டாம், புதியது முன்னும் பின்னும் ஆடுகிற கரண்டாம். பழைய சாமான்களில் எது புதியதைத் தாங்கும், எது புகைந்துபோகும் என்று பார்த்துச் சொல்ல, கரண்டு ஆபீஸிலிருந்து வீடு வீடாக ஜெயபாலனை அனுப்பியிருந்தார்கள். ஆள் கொஞ்சம் வாயாடி. இஸ்திரிப்பெட்டிக்குத் தலையாட்டினான். விசிறியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறகு ரேடியோவின் முதுகுப்பலகையைக் கழற்றி, தூசி படிந்த வால்வுகளின் மேல் டார்ச் அடித்தான். பூங்காவனம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். விசிறி போனால் போகட்டும், இந்த ஒன்று தாங்க வேண்டும்.

பொட்டு வைத்த அவள் புருஷன் மாணிக்கவாசகத்தைச் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமில் ரயில் போடக் கொண்டுபோனான். கூடப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அவரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில். செத்ததைப் பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால் அவள் நெற்றிப் பொட்டை எடுக்கவில்லை. தெருப் பெண்கள் முதலில் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவர் போன பிறகு ஒருநாள் மத்தியானம் அவசரத்தில் பிளக்கை மாற்றிக் குத்திவிட்டாள். வால்வு சிவப்பாக எரிந்தது, பாட்டு இல்லை. பிடுங்கப் போனபோது உள்ளேயிருந்து ஓர் இருமல். இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக. காலையில் எழுந்ததும் சுருட்டுப் பிடிக்கும் அவருடைய இருமல். அவளுக்குப் பயமில்லை. அன்று முதல் வீட்டில் தனியாக இருக்கும்போதெல்லாம் பிளக்கைத் திருப்பிக் குத்திவிட்டு உட்காருவாள். தினமும் கேட்காது. கேட்ட நாளில் சோறு இறங்கும். யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் பூசாரியைத்தான் கூப்பிடுவார்கள்.

"செட்டு தாங்கும்க்கா, பயப்படாதீங்க," என்ற ஜெயபாலன் பிளக்கை மாற்றிக் குத்திக் காட்டினான். "பாருங்க, வால்வு எரியுது, சத்தம் இல்ல. இது செத்த பக்கம். இதுல ஒண்ணும் வராது."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். பூங்காவனம் சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவனோ எதுவும் காதில் விழாமல் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"புதுக் கரண்டுல செத்த பக்கமே கிடையாது லா. எப்படிக் குத்தினாலும் பாடும். இனிமே பொட்டை அழிச்சிடலாம்."

பிளக்கைத்தான் சொன்னான். அவள் கை நெற்றிக்குப் போனது.

அன்று சாயங்காலம் செமாபோக்கிலிருந்து கொழுந்தன் சுப்பையன் வந்தான். நல்லவன்தான், அண்ணிக்கு ஒன்றென்றால் முதலில் வந்து நிற்பவன். ஆனால் ஒரே பல்லவி.

"பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு அண்ணி. ஐயரு நாள் பாத்துட்டாரு. அண்ணனுக்குக் காரியத்தை முடிச்சிடுவோம். எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீங்க?"

"புதுக் கரண்டு வரட்டும்," என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

காரியத்துக்குக் குறித்த நாளன்று காலையிலேயே புதுக் கரண்டும் வந்துவிட்டது. எதிர்வீட்டு ரேடியோ கணீரென்று பாடியது. பூங்காவனம் பிளக்கை மாற்றிக் குத்தினாள். நாதஸ்வரம் வந்தது. பிடுங்கிப் பொட்டோடு பொட்டு சேர்த்துக் குத்தினாள், அதே நாதஸ்வரம். மறுபடியும் திருப்பினாள். அவர் இருமுகிற இடத்திலெல்லாம் தவில் அடித்துக்கொண்டிருந்தது. செட்டு தாங்கிவிட்டது, அவர்தான் தாங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவருக்காக அழுதது இதுதான் முதல் தடவை.

அழுது ஓய்ந்தபோது ரேடியோ ஆறிச் சில்லென்று இருந்தது. முந்தானை நுனியை நனைத்துச் சுவரிலிருந்த பொட்டைத் துடைத்தாள். பிளக்கில் இருந்ததையும் துடைத்தாள். அதே நுனியை நெற்றிக்குக் கொண்டுபோனபோது, எள்ளுப் பொட்டலத்தோடு சுப்பையன் வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணி," குரல் இறங்கிப்போயிருந்தது. "உள்ள யாரு இருமுறது?"

பூங்காவனம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணன் மாதிரியே… ரெண்டு குட்டையா, அப்புறம் நீளமா."

முந்தானை நெற்றிக்குப் போகும் வழியில் நின்றது. சுப்பையன் பிளக் பிடுங்கிக் கிடந்த ரேடியோ பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் பொட்டலம் பிரிந்து, எள் வாசற்படியில் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.