ஏழு கிலோதான்

மதியத் தூக்கத்தில் ஃபாயிஸாவுக்கு ஒரே கனவுதான் வரும். மகனைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். ராஜபாளையத்து மில் வாசல்களைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, மேற்கே மலையைப் பார்த்துப் போகிறாள். மலை உச்சியில் மேகம் படுத்துக் கிடக்கிறது. பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தில் வெதுவெதுவென்று படுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் வலி இல்லை. மில் பக்கம் காற்றில் அலையும் பஞ்சுத் துகள் மாதிரி பிள்ளை கனமே இல்லாமல் இருக்கிறான்.

விழித்துப் பார்த்தால் பக்கத்தில் முஹம்மது அனஸ் கிடப்பான், முழுக் கனத்தோடு.

ஒரு வயது தாண்டியவன். தொடையில் மடிப்பு, கையில் மடிப்பு, கழுத்து எங்கே என்று தேட வேண்டும். அவனைப் பெற்றதிலிருந்து ஃபாயிஸாவின் இடுப்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கட்டிலிலிருந்து வாசலுக்குத் தூக்கிப் போவதற்குள் நடுமுதுகில் ஆணி அடித்தது போல் வலிக்கும். எலும்பில் கோளாறு ஒன்றுமில்லை, தேறி வர நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னார். கனத்தையெல்லாம் முதுகில் ஏற்றாமல் இடுப்பில் தாங்குகிற மாதிரி பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டால் தாராளமாகத் தூக்கலாம் என்றும் சொன்னார்.

அதுவரைக்கும் அனஸ் குடியிருந்தது மெகராஜ் பேகத்தின் இடுப்பில். மெகராஜ், ஃபாயிஸாவின் புருஷன் நஸ்ருதீனுக்கு அக்கா; ஃபாயிஸாவுக்கு மைனி, அனஸுக்கு மாமி. புருஷன் சவூதியில், பிள்ளை இல்லை. தம்பி மகனை இடது இடுப்பில் வைத்துக்கொண்டே மாவு பிசைவாள், கொடியில் துணி போடுவாள், தெருமுனைக் கடைக்குப் போய் வருவாள். தூங்கி எழுந்ததும் அனஸ், பக்கத்தில் இருக்கும் அம்மாவைத் தாண்டி மாமியைத் தேடிக் கை நீட்டுவான். ஃபாயிஸா பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், தூங்கவைப்பாள். தூக்க மட்டும் முடியாது. தூக்கிச் சுமக்காதவளைப் பிள்ளை எத்தனை நாளைக்கு அம்மா என்று வைத்திருக்கும்? இந்தப் பயம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த வீட்டில் இன்னொரு வழக்கம். பிள்ளையின் எடையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் நிறுத்துப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி எடையைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல். ஊசி போட்டால் காய்ச்சல் வரத்தான் செய்யும். அதை மெகராஜிடம் யார் சொல்வது? அவள் ஓதி ஊதினாள், கன்னத்தில் பெரிதாக மை வைத்தாள், அன்றோடு வாய்க்கும் பூட்டுப் போட்டாள். யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், பதில் ஒன்றுதான்: "ஏழு கிலோதான்." மாதங்கள் போயின, சட்டைகள் சின்னதாயின, அனஸ் ஏழு கிலோவிலேயே நின்றான்.

கேட்டுக் கேட்டு நஸ்ருதீனே அதை நம்பிவிட்டான். கேரியர் ஆர்டர் போட்டபோது பிள்ளையின் எடை என்ன என்று போன் திரையில் கேட்க, யோசிக்காமல் ஏழு என்று தட்டினான். வந்த பொருள் கைக்குழந்தைக்கானது. மெல்லிசான வார், துண்டுத் துணி மாதிரி ஒரு இருக்கை. அனஸை உள்ளே வைத்ததும் வார் தோளை அறுத்தது. அவன் கால்கள் இரண்டும் பொம்மைக் கால்களாகத் தொங்கின. வாசல்படி தாண்டுமுன் ஃபாயிஸா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோளாறு தன் உடம்பில்தான் என்று அன்று அழுதாள்.

கூடப் படித்த பாண்டிசெல்விதான், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு கடையில் போட்டுப் பார்த்து வாங்கலாம் என்று சொன்னாள். ஃபாயிஸா கிளம்பியபோது மெகராஜ் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

கடைக்காரி செல்வலட்சுமி சிரித்த முகக்காரி. "பிள்ளை எம்புட்டு எடைம்மா?" என்றாள்.

கடையில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் நின்றார்கள். எல்லாக் கண்ணும் அனஸ் மேல். ஃபாயிஸா மைனியைப் பார்த்தாள். அந்தக் காய்ச்சல் நாள் அவளுக்கும் ஞாபகம் வந்தது. "ஏழு கிலோதான்" என்றாள்.

"ஏழா?"

"ஆமா, ஏழுதான்," என்றாள் மெகராஜ் வெடுக்கென்று. "பாக்கத்தான் பூசினாப்ல இருப்பான்."

வந்தவர்களிடம் வாதாடுவது வியாபாரத்துக்கு ஆகாது. "நீங்க சொல்லுத எடைக்கு இதுதான் வரும்," என்று செல்வலட்சுமி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பழைய கதைதான். கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்புவதற்குள் ஃபாயிஸாவுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து வாரைக் கழற்றினாள். அனஸ் உடனே மாமியிடம் தாவினான்.

"விடுங்க மைனி. எனக்குக் கொடுத்து வைக்கல," என்றாள். "நீங்களே வச்சுக்கோங்க அவன. உங்க பிள்ளையாவே இருக்கட்டும்."

இந்த ஒரு வார்த்தைக்காக மெகராஜ் எத்தனை கனவு கண்டிருப்பாள், யாருக்குத் தெரியும்? பிள்ளை அவள் முக்காட்டு நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். அவன் தலையை ஒருமுறை முகர்ந்தாள். மற்ற பெண்கள் வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு செல்வலட்சுமியின் காதருகே குனிந்தாள்.

"மாஷா அல்லாஹ்... பன்னெண்டு."

"பன்னெண்டு கிலோவா!"

"சத்தமாச் சொல்லாதீய தாயி!"

செல்வலட்சுமி பரணிலிருந்து வேறொன்றை இறக்கினாள். அகலமான இடுப்புப் பட்டை, தடித்த தோள்வார், ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை எட்டுகிற இருக்கை. "பட்டைய வயித்துல கட்டக் கூடாது. இடுப்பெலும்பு மேல உக்காரணும். கனத்த பிள்ளைய முதுகுப் பக்கம் போடுதது நல்லது. யாராச்சும் ஏத்திவிடணும்."

ஏற்றிவிட வேறு யார் இருக்கிறார்கள்? மெகராஜ் தன் இடுப்பிலிருந்து அனஸைப் பிரித்து எடுத்தாள். அவன் அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தான். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, ஃபாயிஸாவின் முதுகில் அவனைச் சாய்த்து, காலை மடக்கி உட்காரவைத்து, வாரை இழுத்துக் கொக்கியை மாட்டினாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

"வலிக்குதா ஏட்டி?"

ஃபாயிஸா கதவு வரை நடந்தாள். கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். அப்படியே போய்க்கொண்டிருந்தாள்.

மலையிலிருந்து சாரல் இறங்கி வந்திருந்தது. ஈரக் காற்றில் பால்கோவா காய்ச்சும் வாசனை. கோபுர உச்சி மேகத்துக்குள் பாதி கரைந்திருந்தது. கடைகளும் ஆட்டோக்களும் தண்ணீருக்கடியில் இருப்பவை போல மெதுவாக அசைந்தன. கழுத்தில் வெதுவெதுவென்று மூச்சு பட்டது. விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் கனவில் அவனுக்குக் கனம் கிடையாது. இப்போது இருந்தது. பன்னிரண்டு கிலோவும் இடுப்பெலும்பின் மேல் அமர்ந்து, அடிக்கு அடி, நான் இருக்கிறேன் என்றது. அந்தக் கனம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பஸ் ஸ்டாப் வரை மெகராஜ் பின்னாலேயே வந்தாள். இடுப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும் இடது பக்கம் சாய்ந்தே நடந்தாள். வந்து நின்றதும் மனம் கேட்காமல் கை நீட்டினாள்: "வாடா, செத்த நேரம் மாமிட்ட வா."

அனஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கன்னத்தை அம்மாவின் முதுகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

மெகராஜின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெல்ல இறங்கி, அவன் குண்டுப் பாதம் ஒன்றைப் பற்றிக்கொண்டன.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்தாள். "ஏயப்பா, பிள்ள என்னா கனமா இருப்பான்! எம்புட்டு கிலோ தாயி?"

மெகராஜ் வாயைத் திறப்பதற்குள் ஃபாயிஸா முந்திக்கொண்டாள்.

"ஏழு கிலோதாங்க்கா."

ராஜபாளையம் பஸ் வருகிறதா என்று மெகராஜ் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி எட்டிப் பார்த்தாள். பஸ் ஒன்றும் வரவில்லை. பாதத்தைப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் எடுக்கவே இல்லை.