சொல்லாத தெரு

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல, ஒட்டுக்கேட்டது. ஒரு பல்கலைக்கழக உணவகத்தில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தொலைபேசியில் சொன்னாள்: "எங்கம்மா இருக்கிற தெரு, சொல்லாத தெருவுல போய் விழுந்துடுச்சு." அவ்வளவுதான். டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

தேர்தல் ஆய்வு செய்யும் ஒரு நண்பரை நச்சரித்து அதற்கு அர்த்தம் தெரிந்துகொண்டேன். மீதியைக் கற்பனை செய்தேன். செய்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது.

2

முதல் தொடக்கம்: "வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், வானம் இருண்டு கிடக்க..."

வானத்துக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஜனநாயகத்தில் அச்சம் என்பது —"

இது கட்டுரை. இதை அந்தப் பெண்ணே என்னைவிட நன்றாக எழுதுவாள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். உணவகத்தில் பேசிய அந்தப் பெண், என் கதையில் ஓர் ஆய்வாளர். மக்களை வாக்களிக்கப் போகவிடாமல் செய்யும் பொய்ச் செய்திகளைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்கிறாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தைய நாள் கைபேசிகளில் ஒன்று சுற்றும்: "உங்கள் தெருவில் பலரது பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளன. பெயர் இல்லாதவர்கள் வாக்குச்சாவடிக்கு வந்தால் விசாரிக்கப்படுவார்கள்." சுத்தப் பொய். யார் அனுப்புகிறார்கள் என்று இதுவரை பிடிபடவில்லை.

இந்த முறையும் வரும் என்று தெரிந்துதான் அவள் குழு சில தெருக்களைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தது. பாதித் தெருக்களில் வீடு வீடாகப் போய், இப்படி ஒரு பொய் வரும், நம்பாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மீதித் தெருக்களில் சொல்லவில்லை. எங்கே அதிகம் பேர் வாக்களிக்கிறார்கள் என்று பார்த்தால், எச்சரிக்கை பலிக்கிறதா என்று தெரிந்துவிடும். குழுவினர் பேச்சில் ஒன்று சொன்ன தெரு, மற்றது சொல்லாத தெரு.

(அம்மாவின் தெருவை அப்போதே விலக்கியிருக்கலாமே என்பீர்கள். குலுக்கலில் கை வைத்தால் ஆய்வே பொய் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள். நானாக இருந்தால் சத்தமில்லாமல் விலக்கியிருப்பேன். அதனால்தான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

3

ஏற்கனவே மூன்று சொல்லாத தெருக்கள் கெட்டுவிட்டன. சொன்ன தெரு மருமகள் சொல்லாத தெரு மாமியாரிடம் உளறிவிட, அங்கிருந்து தெருவெல்லாம் பரவிவிட்டது.

"இன்னொரு தெரு போச்சுன்னா இந்த ஆய்வை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கம்மா," என்றார் துறைத் தலைவர். "அப்புறம் உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எதை வச்சுப் பேசறது?"

முதல் வரைவில் இவரை வில்லனாக்கியிருந்தேன். எழுதச் சுலபமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. அவர் சொல்வது சரிதான். இந்த ஆய்வு கெடாமல் முடிந்தால் அடுத்த தேர்தலில் எல்லாத் தெருக்களையும் எச்சரிக்க வழி பிறக்கும்.

4

அம்மாவையும் முதலில் தப்பாகத்தான் எழுதினேன். எதைச் சொன்னாலும் நம்பும் அப்பாவி — இல்லவே இல்லை. டாக்டர்களையே அதட்டி வேலை வாங்கிய, ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் அவள். அப்படிப்பட்டவள் எதற்குப் பயப்படுவாள் என்று தெரியாமல் கதை பல நாள் நின்றுபோனது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மதியம் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. மகளின் கணினித் திரையில் வாக்காளர் பட்டியல் திறந்தே இருந்தது.

"ஏம்மா, ஒரு மெசேஜ் வந்திருக்கு. பேரை எடுத்துட்டாங்களாமே?"

"ம்ம்."

"அப்பா போனதுக்கப்புறம் அவர் பேரை எடுக்கச் சொல்லி நாமதானே எழுதிக் குடுத்தோம். அதோட சேர்த்து என் பேரையும் எடுத்திருப்பாங்களோ?"

அவள் பட்டியலை உருட்டினாள். அம்மாவின் பெயர் திரையில் கண்ணெதிரே இருந்தது. அதற்கு மேலே அப்பா இருந்த இடத்தில் வேறு யாரோ.

"விசாரிப்பாங்களாம். எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, உங்க பேர் இல்ல, போங்கன்னு சொன்னா என்னால தாங்க முடியாதுடி. எதிர்வீட்டு அக்காவும் போகலைங்கறாங்க. நீதான் இதையெல்லாம் படிக்கிறவளாச்சே. சொல்லு, நான் போகவா, வேணாமா?"

சொல்லிவிடலாம். ஆனால் அம்மாவின் வாயில் எதுவும் தங்காது. சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளலாம். தன் அம்மாவை மட்டும் காப்பாற்றிவிட்டு எதிர்வீட்டு அக்காவை ஆய்வுக் கணக்குக்காகக் கைவிட்டுவிடுவதா? அதை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சொல்லிவிடுகிறாள். தெருவே திரண்டு வாக்களிக்கிறது. ஆய்வு குப்பைக்குப் போகிறது, வேலையும். அடுத்த தேர்தலில் எச்சரிக்கை இல்லாத ஊரெல்லாம் அதே பொய் —

மற்றொன்று: சொல்லவில்லை. கட்டுரை வெளியாகிறது, கைதட்டுகிறார்கள். அதன் அட்டவணையில், வாக்களிக்காதவர்கள் என்ற கட்டத்துக்குள் ஒருத்தியாக அம்மா. இதை எழுதிவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

நடுவழியாக, தொலைபேசி இணைப்பு தானாக அறுந்துவிடுவதாகவும் எழுதினேன். வெட்கம் கெட்ட வேலை.

ஆகவே அவளை வாய் திறக்கவிடாமல் இங்கேயே நிறுத்தியிருக்கிறேன். எனக்குத் தைரியம் போதவில்லை. உங்களுக்கு மட்டும் என்ன? அந்தச் செய்தி பொய் என்று இரண்டாம் பகுதியிலேயே தெரிந்துவிட்டது. பெயர் பட்டியலில் இருப்பதையும் பார்த்துவிட்டீர்கள். உங்களுக்குக் காப்பாற்ற வேலையும் இல்லை, ஆய்வும் இல்லை. ஆனாலும் அடுத்து என்ன ஆகும் என்று பார்க்க, சும்மா படித்துக்கொண்டே வந்தீர்கள்.

அம்மா இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்? ஹலோ... யாராவது இருக்கீங்களா?"